மடிப்பதும் வெளிக்கிடுவதும்

பிள்ளைகள், அலுமாரிக்கு மேலே இருந்த பழுப்புச் சூட்கேஸ் எங்கே போனது என்று நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். நான் அதை ரயிலில் தொலைத்துவிட்டேன் என்று மூத்தவள் முடிவே கட்டிவிட்டாள். தொலைக்கவில்லை. நீங்கள் பிறந்த நாளிலிருந்து பார்த்த பெட்டி அது. உடுப்புகளை மடித்து அடுக்கி, எந்த நேரமும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடலாம் என்பது போல இருந்தது. அது என்ன ஆனது என்று சொல்வதென்றால் நான் பலெர்மோவுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். அப்பா அதிகம் படித்தவன் இல்லை. பிழை கண்டால் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். கதையைத் திருத்த வேண்டாம்.

போன கோடையில் உங்கள் தவமாமி தொலைபேசி எடுத்தார். எனக்கு அவர் அக்கா, ஆகவே இனி அக்கா என்றே எழுதுகிறேன்.

“தம்பி, கை முறிஞ்சு போச்சு.”

“எந்தக் கை?”

“வேலை செய்யிற கைதான். மற்றது எண்டால் உனக்கு ஏன் எடுக்கிறன்?”

கபோ சந்தையில் மீன் பெட்டியிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீரில் சறுக்கி விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டில் மாக்கட்டு. அக்காவுக்குப் பலெர்மோவில் ஒரு வயதான சின்யோராவின், அதாவது இத்தாலி அம்மாவின், வீட்டில் வேலை. கூட்டுவது, துடைப்பது, துணி தோய்ப்பது எல்லாம் அவர்தான். வேலைக்குப் போகாவிட்டால் சின்யோரா வேறு ஆளைப் பிடித்துவிடுவார். வேலை இல்லாவிட்டால் பெர்மெசோவும் இல்லை. இத்தாலியில் இருப்பதற்கான அனுமதிக்கு அப்படிச் சொல்வார்கள். அக்காவுக்கு அதைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தில் குசினி வேலை. கோடையில் அங்கே ஒரு நாள் லீவு கேட்டாலும் வேலை போய்விடும்.

“ஆம்பிளை வந்து வீடு கூட்டச் சின்யோரா விடுவாவோ அக்கா?” என்று கேட்டேன்.

“மீசையாலையே கூட்டப் போறாய்? வெளிக்கிட்டு வா.”

எனக்குக் கோடை லீவு வந்திருந்தது. வெளிக்கிட்டேன்.

சப்பாத்து மாதிரி இருக்கிற இத்தாலியின் கால் விரல் முடிகிற இடத்தில், சிசிலித் தீவுக்குக் கடல் கடக்க, ரயிலைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். நம்பமாட்டீர்கள், பெட்டிகளோடு கப்பல் போகிறது. நான் தோள்பையை மாட்டிக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறினேன். அங்கே சோற்றை உருண்டை பிடித்து, நடுவில் இறைச்சி வைத்து, தூள் பூசிப் பொரித்து விற்றார்கள். நம்முடைய ரோல்ஸுக்குப் பெரியண்ணன் மாதிரி. கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு தின்றேன். இறங்கி வந்து ரயிலில் ஏறினால் என் இடத்தில் ஓர் அம்மா கிளிக்கூட்டோடு இருந்தார். சண்டை வேண்டாமென்று வேறு இடத்தில் இருந்துவிட்டேன்.

ரயில் ஓடியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புகைகிற மலை. எதிரே இருந்த கிழவர் எங்கே போகிறாய் என்று கையால் கேட்டார். “பலெர்மோ” என்றேன். பெட்டி முழுக்க ஒரே சத்தம். எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். கிழவர் மற்றவர்களை அடக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு பாணை எடுத்து நடுவில் பிய்த்தார். வலது கைத் துண்டைக் காட்டி, “பலெர்மோ” என்றார். இடது கைத் துண்டைக் காட்டி, “சிராக்குசா” என்றார். பிறகு இடது கைத் துண்டில் விரலை வைத்து என்னைக் காட்டினார். கரைக்கு வந்ததும் ரயில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நான் தெற்கே போகிற பாதியில் இருந்தேன். அடுத்த நிலையத்தில் என்னை இறக்கிவிடுவதற்கு முன் கிழவர் அந்தச் சிராக்குசாப் பாதியை என் கையில் திணித்தார். சாப்பிடு என்று சைகை காட்டினார். எள்ளுத் தூவிய நல்ல பாண்.

பலெர்மோவில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா மாக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மேடையில் நின்றிருக்கிறார்.

“சின்யோராட்டை இண்டைக்கே ஆள் வருகுது எண்டு சொல்லிப்போட்டன். முதல் நாளே போச்சு. நல்லாத் தொடங்கியிருக்கிறாய்.”

அத்தானுக்குத் தெரிந்த மரக்கறிக்காரர் தன் மூன்று சில்லு வண்டியில் எங்களை ஏற்றினார். முன்னால் அக்காவும் அவரும். பின்னால் கத்தரிக்காய்ப் பெட்டிகளோடு நான். கொழும்பு ஓட்டோவில் பின்னால் கூரையாவது இருக்கும். அக்கா இருப்பது கபோ சந்தைக்கு மேலே ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில். சந்தையில் விற்கிறவர்கள் கூவுவதைக் கேட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள். தக்காளிதான் விற்கிறார்கள். கீழே போய் அக்கா பாணுக்குள் கடலைமாத் துண்டுகளைப் பொரித்து வைத்த ஒன்றை வாங்கித் தந்தார். பனேல்லே என்று பெயர். வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட மறந்த கடலைமா வடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை பிழிந்தால் மிச்சம் வைக்க மாட்டீர்கள்.

மறுநாள் காலை சின்யோராவின் வீட்டுக்குப் போனோம். உயரமான கூரை, பூப்போட்ட பழைய தரை ஓடுகள், சுவர் முழுக்கப் புத்தகங்கள். சின்யோரா பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து இளைப்பாறியவர். மெலிந்த உடம்பு, கண்ணாடி, நிமிர்ந்த நடை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் ஏதோ கேட்டார்.

“மீசை எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் இருக்குதோ எண்டு கேக்கிறா,” என்றார் அக்கா. “எனக்கு இல்லை எண்டனான்.”

சின்யோராவின் கணவர் படுக்கையில் இருந்தார். பெரியவர் என்று அவரைச் சொல்கிறேன். பேச்சு அநேகமாக நின்றுவிட்டது, கண் மட்டும் எல்லாவற்றையும் பின்தொடரும். அவரைப் பார்ப்பதற்கு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தவர் வியோரிகா என்ற ருமேனியப் பெண். வயது நாற்பது இருக்கும். அக்கா என்னை அறிமுகம் செய்துவிட்டுப் போனதும் வீட்டில் என் வாயும் போய்விட்டது. இத்தாலி மொழியில் எனக்கு ஆம், இல்லை, பிறகு, நன்றி நான்கும்தான் தெரியும். வாளியைத் தேடிக்கொண்டு நின்றபோது வியோரிகா சும்மா கேட்டுப் பார்ப்பது போல ஜெர்மன் மொழியில், “தண்ணீரா வேண்டும்?” என்றார். அவருடைய ஊரில் ஜெர்மன்காரர்கள் அயல்வீட்டாராக இருந்தார்களாம். அவர்கள் முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர். அவருடையது விளையாட்டு முற்றத்து ஜெர்மன், என்னுடையது இங்கே வேலையிடத்தில் பொறுக்கிய குசினி ஜெர்மன். ஒரு யாழ்ப்பாணத்தானும் ஒரு ருமேனியக்காரியும் சிசிலியில் ஜெர்மன் கதைத்ததைக் கேட்டு, அடுத்த அறையிலிருந்து சின்யோரா, “என் வீட்டில் என்ன நடக்கிறது!” என்று கத்தினார்.

கூட்டுவதிலும் துடைப்பதிலும் எனக்குப் பிரச்சினை வரவில்லை. பெட்சீற் மடிப்பதில்தான் வந்தது. நான் வேட்டி மடிக்கிற மாதிரி நீளவாக்கில் கொசுவி, கையில் சுற்றி, தட்டி வைத்தேன். சின்யோரா அதை இரண்டு விரலால் தூக்கினார், செத்த எலியைத் தூக்குவது போல. “பியெகாரே! பியெகாரே!” என்றார். மடி, மடி என்று அர்த்தம். பிறகு வியோரிகா ஒரு தலைப்பையும் நான் மறு தலைப்பையும் பிடித்தோம். மூலைக்கு மூலை இழுத்து, உதறி, நடந்து வந்து தலைப்புகளைச் சேர்த்து, மறுபடி விலகி, மறுபடி சேர்ந்து மடித்தோம். கலியாண வீட்டுப் படப்பிடிப்பு மாதிரி இருந்தது. சின்யோரா ஒவ்வொரு மடிப்பையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

மத்தியானம் வியோரிகா சோளமாவைக் கிண்டிக் களி செய்வார். அவர்கள் ஊர்ச் சாப்பாடு. அதற்குமேல் வெள்ளைச் சீஸ் தூவித் தருவார். எனக்கு மட்டும் அக்கா கொடுத்துவிட்ட சாளைமீன் குழம்பை அதற்குமேல் ஊற்றிக்கொள்வேன். ஒரு நாள் வியோரிகாவும் கேட்டு வாங்கினார். மூக்கால் தண்ணீர் ஓடியது, ஆனால் அடுத்த நாளும் கேட்டார்.

சாப்பாடு முடிந்தால் அவருக்கு இரண்டு மணி நேர ஓய்வு. வெளியே போவதற்கு முன் பெரியவரின் காதருகே குனிந்து, “பிளெக்!” என்று உரத்துச் சொல்வார். பெரியவர் கட்டிலிலிருந்து கையை உயர்த்துவார். தினமும் இது நடக்கும். என்ன அது என்று கேட்டேன்.

“எங்கள் மொழியில் போகிறேன் என்று அர்த்தம். அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.”

“எங்கள் ஊரில் அப்படி மொட்டையாகச் சொல்லமாட்டோம்,” என்றேன். “போட்டு வாறன் என்போம். போய்விட்டு வருகிறேன்.”

“கடைக்குப் போனாலும்?”

“கடைக்குப் போனாலும்.”

“அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் வாக்குக் கொடுக்கிறீர்கள்,” என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்படியே நல்லபடி போய்க்கொண்டிருந்தது. சின்யோரா தரையை விரலால் தடவிப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார். ஒரு காலையில் பெரியவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அம்புலன்ஸ்காரர்கள் வந்து, முகத்தில் மூடி மாட்டி, நாற்காலியில் கட்டிப் படியால் இறக்கினார்கள். வியோரிகா கூடவே ஓடினார். சின்யோராவைப் பின்னால் கூட்டிப்போக மருமகன் வருவதாக ஏற்பாடு.

வீடு அலங்கோலமாகக் கிடந்தது. சப்பாத்துத் தடங்கள், பஞ்சு, கிழித்துப்போட்ட உறைகள், கவிழ்ந்த தண்ணீர்க் குவளை. சின்யோரா நடு விறாந்தையில் நின்று தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டுகிற தும்புத்தடியைக் காட்டினார்.

பிள்ளைகள், இதை உங்களுக்கு நான் சொல்லித்தரவில்லை. நீங்கள் இந்த நாட்டுப் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் ஒருவர் பயணம் வெளிக்கிட்டால் அவர் போன கையோடு வீடு கூட்டுவதில்லை. அவர் கொஞ்சத் தூரமாவது போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடுவோம். பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கூட்டிக் கழுவுவது. பெரியவரின் நாற்காலி இன்னும் தெருவைக்கூடத் தாண்டியிருக்காது. கீழே கதவு சாத்திய சத்தம் அப்போதுதான் கேட்டது. என் கை தும்புத்தடிக்குப் போகவில்லை.

“தோப்போ,” என்றேன். பிறகு என்பதற்கு இத்தாலிச் சொல்.

அவர் மறுபடி காட்டினார்.

“தோப்போ, சின்யோரா. தோப்போ.”

விளக்கிச் சொல்ல மொழி இல்லை. மொழிபெயர்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் அம்புலன்ஸில் போய்விட்டார். சின்யோரா தானே தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். நான் போய் அதன் மறு நுனியைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது. ஆனால் பிடித்துவிட்டேன். எழுபது தாண்டிய ஒரு ரீச்சரம்மாவும் நானும் விறாந்தையில் நின்று ஒரு தும்புத்தடியை இழுத்துக்கொண்டிருந்தோம்.

அவர் தடியை விட்டார். மேசையைக் காட்டி, “சாவி” என்றார். வீட்டுச் சாவியை மேசையில் வைத்தேன். பிறகு மெதுவாக, எனக்கும் விளங்கும்படி, சொல் சொல்லாக, கையாலும் காட்டிச் சொன்னார். நாளை வேண்டாம். உன் அக்காவும் வேண்டாம்.

கபோவுக்கு நடந்துபோன வழியில் எதையும் பார்த்த நினைவில்லை. படியேறி வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த வெங்காயம் கையிலேயே இருந்தது.

“டேய், அவ கூட்டச் சொன்னா நீ மாட்டன் எண்டனியோ?”

“அந்த மனிசன் படியாலை இறங்கினவுடனை எப்பிடியக்கா கூட்டுறது?”

“பின்னறையிலை தொடங்கிறது!” என்று அக்கா கத்தினார். “இவ்வளவு வருசமா நான் எப்பிடிச் செய்யிறன் எண்டு நினைக்கிறாய்? அவவின்ரை மகள் வந்து போவா, மருமகன் வந்து போவார். ஆர் போனாலும் உடனை கூட்டச் சொல்லுவா. நான் ஓம் எண்டு போட்டுப் பின்னறையிலை தொடங்குவன். கட்டிலுக்குக் கீழை, அலுமாரிக்குப் பின்னாலை. வாசலுக்கு வரேக்கை ஒரு மணித்தியாலம் போயிடும். போன ஆளும் போய்ச் சேர்ந்திடும். தும்புத்தடியை மனிசியோடை பிடிச்சு இழுப்பினமே?”

“நீ அதைச் சொல்லித் தரேல்லை.”

“உனக்கு மூளை இருக்கெண்டு நினைச்சன்.”

வேலையால் வந்த அத்தான் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். “மச்சான், கயிறிழுத்தலிலை ஆர் வெண்டது?” என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பெர்மெசோ புதுப்பிக்கும் நாளை விரல் விட்டு எண்ணினார். அக்கா வெங்காயத்தைக் கழுவினார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்:

“நீ செய்தது சரி. ஆனா நீ செய்த விதம் இருக்கே, அது முழுப் பிழை. நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போவம். வேலை கேக்கிறதுக்கில்லை. பெரியவரைப் பாக்க.”

அடுத்த நாள் பஸ் இல்லை. வேலைநிறுத்தம் என்றார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை. நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தோம். வழியில் அக்கா பாலும் பாதாமும் போட்ட ஐஸ்கிறீமைப் பணிசுக்குள் வைத்து வாங்கித் தந்தார். ஐஸ்கிறீமைப் பாணோடு தின்கிறவர்களை முதன்முதல் பார்த்தேன். கோபத்தோடு இருக்கும்போதுகூட அக்கா சாப்பாடு வாங்கித் தராமல் விடமாட்டார். அவருடைய கோபத்தை அதனால் சரியாக அளக்க முடிவதில்லை.

ஆசுப்பத்திரி நடைகூடத்தில் சின்யோரா ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் வியோரிகா. பெரியவர் உள்ளே. டாக்டர் வெளியே வந்து சொல்ல வேண்டும். நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன். அக்கா போய்ச் சின்யோராவின் கையைத் தன் இடது கையால் பிடித்தார்.

பிறகு சின்யோரா என்னைக் கூப்பிட்டார். வியோரிகா மொழிபெயர்த்தார்.

“ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். நான் சொல்லிவிட்டேன். எங்கள் கிராமத்திலும் போனவருக்குப் பின்னால் கூட்டமாட்டோம் என்றேன். அவனுக்கு வார்த்தை இல்லை, அதனால் தடியைப் பிடித்திருக்கிறான் என்றேன்.”

“கூட்டிவிட்டாரா?” என்று கேட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சின்யோரா இல்லை என்று தலையை ஆட்டினார். நீ போனபிறகு கதிரையில் இருந்துவிட்டேன், மருமகன் வரும் வரை எழும்ப முடியவில்லை, எல்லாம் கிடந்தபடி கிடக்கிறது என்றார்.

உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. காத்திருக்கிறவர்களுக்கு ஏதாவது கதைக்க வேண்டும். சின்யோரா படிப்பித்தவர் அல்லவா, படிப்பிக்கத் தொடங்கினார். வியோரிகாவைக் காட்டி, “இவள் தினமும் என் கணவரின் காதில் கத்துகிறாளே பிளெக் என்று, அது எங்கிருந்து வந்தது தெரியுமா?” என்றார். “லத்தீன். பிளிகாரே. மடிப்பது. நீ என் பெட்சீற்றை நாசமாக்கியபோது நான் கத்தினேனே பியெகாரே என்று, அதே சொல்தான். எங்கள் ஊரில் மடிப்பாகவே நின்றுவிட்டது. இவர்கள் ஊரில் போவதாகிவிட்டது.”

“அது எப்படி?” என்று அக்கா கேட்டார்.

“இவளுடைய நாட்டில் ரோமாபுரிப் படை கூடாரம் போட்டிருந்தது. கூடாரத்தை மடி என்றால் புறப்படு என்று அர்த்தம். மடிக்கிறேன், மடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போகிறேன் ஆகிவிட்டது. அப்படித்தான் சொல்கிறார்கள். நான் கூட நின்று பார்க்கவில்லை.”

வியோரிகா தன் கைகளைப் பார்த்தார். “நான் வாய் திறந்த நாளிலிருந்து சொல்கிற சொல்,” என்றார் ஜெர்மனில், எனக்கு மட்டும். “அதற்குள் ஒரு துணி மடித்து வைத்திருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.”

சின்யோரா விடவில்லை. “என் அப்பா தெற்குக் கரையில் படகு வைத்திருந்தார். கடலால் வந்து வாசலில் கால் வைத்ததும் ‘அக்கிகாவு’ என்பார். சிசிலிப் பேச்சில் வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அதுவும் இந்த மடிப்பின் பிள்ளைதான். கடற்காரன் பாயை மடித்தால் கரை வந்துவிட்டது. படைக்காரன் கூடாரத்தை மடித்தால் புறப்பாடு. மடிப்பது ஒன்றுதான். ஒருவன் போகிறான், ஒருவன் வந்து சேருகிறான்.”

அக்கா இதைத் தமிழில் எனக்கு இன்னொரு முறை சொன்னார், ஜெர்மனில் நான் பாதிதான் பிடித்திருப்பேன் என்று. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப உன்ரை பழுப்புப் பெட்டி என்ன கணக்கு?”

“அதை ஏன் இப்ப?”

அக்கா என் பதிலுக்கு நிற்கவில்லை. சின்யோராவிடம் திரும்பி இத்தாலி மொழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அகதி முகாமில் இருந்த காலத்தில் எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்று நாங்கள் பெட்டியில் உடுப்பை மடித்து அடுக்கி வைத்தது. பிறகு பேப்பர் எல்லாம் சரிவந்து, வீடும் எடுத்து, நீங்கள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அது அப்படியே அலுமாரிக்கு மேலே இருப்பது. பிள்ளைகள் வளர வளர அம்மா சின்ன உடுப்பை எடுத்துவிட்டு அடுத்த அளவை மடித்து வைப்பது. கடைசியில் தமிழில், எனக்காக, “போகவும் மாட்டான், வந்தவன் மாதிரி இருக்கவும் மாட்டான்,” என்று முடித்தார்.

சின்யோரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தார். என் கையில் வைக்கப் போகிறார் என்று நினைத்து நீட்டினேன். அவர் அதை அக்காவின் இடது கையில் வைத்து விரல்களை மூடினார்.

“அவர் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தால் போன் பண்ணுகிறேன். அப்போது கூட்டுங்கள். வழக்கம்போலப் பின்னறையில் தொடங்கு. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மாக்கட்டுப் போட்ட கையால் பொத்தியதில் மூக்கு இடிபட்டது. வியோரிகா சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து ஒரு தாதி வந்து, “இது ஆசுப்பத்திரி!” என்று அதட்டிவிட்டுப் போனாள்.

மேலும் சில நாட்கள் காத்திருந்தோம். அக்கா நகரத்து மலைமேல் இருக்கும் ரொசாலியா மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். எங்கள் ஆட்கள் சைவமோ கிறிஸ்தவ வேதமோ எல்லோரும் அந்த மலை ஏறுகிறார்கள், மாதாவும் சாதி சமயம் கேட்பதில்லை. போன் வந்த காலையில் நாங்கள் ஓட்டமாகப் போனோம். நான் பின்னறையிலிருந்து கூட்டி வந்தேன். பஞ்சு, உறைகள், உடைந்த குவளைத் துண்டுகள் எல்லாம் அன்றைக்குக் கிடந்தபடியே கிடந்தன. வியோரிகா பெரியவரோடு வர இருந்ததால் பெட்சீற்றின் மறு தலைப்பை அக்கா பிடித்தார், ஒரு கையாலும் பல்லாலும். கட்டிலில் விரித்தோம். அவர்கள் படியேறுகிற சத்தம் கேட்டபோது நான் வாசலைக் கூட்டி முடித்திருந்தேன்.

நாற்காலியில் தூக்கி வந்த பெரியவர் மெலிந்து ஒரு சிறுபிள்ளை அளவுக்கு ஆகியிருந்தார். கண் மட்டும் அதே கண். சின்யோரா அவர் காதில் குனிந்தார். அவ்வளவு படித்த மனுஷி, தன் தகப்பனின் மீன்காரப் பேச்சில், வீடு அதிரக் கத்தினார்:

“அக்கிகாஸ்தி!”

வந்து சேர்ந்துவிட்டாய் என்று அர்த்தம். பெரியவர் கையை உயர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு மலை ஏறினேன். உச்சியில் குகைக்குள் கோயில், பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அக்கா திரி கொளுத்தினார். என்ன வேண்டினாய் என்று கேட்டேன். “பெரியவருக்கு நன்றி சொன்னன். பெர்மெசோவை ஞாபகப்படுத்தினன். உனக்குக் கொஞ்சம் மூளை கேட்டனான்,” என்றார்.

நான் வெளிக்கிட்ட நாளில் சின்யோரா கைகொடுத்தார். தும்புத்தடி இழுத்த அதே கை. வியோரிகா, “பிளெக்?” என்று கேட்டார். “போட்டு வாறன்,” என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், அவ்வளவு மோசமாக இல்லை. நிலையத்தில் அக்கா ரயில் பெட்டியின் நம்பரை எட்டிப் பார்த்து, “கப்பலிலை இறங்காதை. பசிச்சாலும் இறங்காதை,” என்றார். இறங்கவில்லை. உருண்டைச் சோறு தின்னாத கவலையோடு கடலைக் கடந்தேன்.

பிள்ளைகள், நான் வீட்டுக்கு வந்த நேரம் லீவு முடிந்து நீங்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா வேலையில். உங்கள் பால்கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. நீங்கள் போய் நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும், கோப்பையில் ஆடை காய்ந்திருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏறிப் பழுப்புப் பெட்டியை இறக்கினேன். பூட்டு இறுகியிருந்தது. உள்ளே பூச்சி உருண்டை வாசம். அம்மாவின் கலியாணக் கூறைச்சேலையை எடுத்து உதறி அலுமாரியில் தொங்கவிட்டேன். என் வேட்டியைத் தொங்கவிட்டேன். அடியில் உங்கள் உடுப்புகள். அளவு மாற்றி வைக்க நாங்கள் எப்போதோ மறந்துவிட்டோம் போல. மூத்தவளின் சட்டையை விரித்துப் பிடித்தால் என் இரண்டு கை விரிப்புக்குள் அடங்கியது. மடிப்புத் தடம் எவ்வளவு நீவியும் போகவில்லை. அதையும் கொக்கியில் மாட்டி, நீங்கள் இப்போது போடுகிற சட்டைகளுக்கு நடுவில் தொங்கவிட்டேன்.

வெறும் பெட்டியைக் கீழே நிலவறைக்குக் கொண்டுபோய், சைக்கிள் பம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே வந்தேன். தும்புத்தடியை எடுத்து, வாசலில் தொடங்கி, வீடு முழுக்கக் கூட்டினேன்.